கோடு ஓடாத தகடு

சேதராப்பட்டில் ஒரு வீடு. மயிலம் போகும் சாலையை விட்டு உள்ளே திரும்பினால் நாலாவது தெரு. பால் காய்ச்சி மூன்று மாதம்தான் ஆகிறது, பெயிண்ட் வாசனை இன்னும் போகவில்லை. ஹாலில் சோபாவுக்கு மேலே உள்ள சுவர் மட்டும் காலியாகக் கிடந்தது. அங்கே என்ன மாட்டுவது என்பதில் வீட்டுக்குள் மூன்று கட்சி. வீட்டம்மாவுக்கு மயிலம் முருகன். வீட்டுக்காரருக்கு, கம்பெனியில் இருபது வருஷ சர்வீஸுக்குக் கொடுத்த தஞ்சாவூர்த் தட்டு. சென்னையில் வேலை பார்க்கும் மகனுக்கு "மாடர்னா ஏதாவது".

ஜெயித்தது மகன் கட்சி. பணம் அவனுடையது, வேறென்ன :-)

பார்சல் வந்தது. மூன்றடிக்கு இரண்டடி தகடு. நீலமும் ஆரஞ்சும் ஒன்றுக்குள் ஒன்று ஓடி, நடுவில் கறுப்பாக ஒரு கீற்று. மரம் இல்லை, மனுஷன் இல்லை, மலை இல்லை. அப்ஸ்ட்ராக்ட். பிரஷ்டு மெட்டல், அதாவது சீவிவிட்ட உலோகத்தின் மேல் அச்சிட்ட நவீன ஓவியம் என்று ஆன்லைன் கடையில் போட்டிருந்தார்களாம். மகள் படத்தைப் பார்த்தாள். அம்மா விலையைக் கேட்டார். வீட்டுக்காரர் மட்டும் இரண்டையும் விட்டுவிட்டு, தகட்டை டியூப் லைட்டுக்குக் கீழே கொண்டுபோய் இப்படியும் அப்படியும் சாய்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னாடா இது, கோடு ஓடவே மாட்டேங்குது?"

"எந்தக் கோடுப்பா?"

"ஹேர்லைன்டா. சாய்ச்சா வெளிச்சம் நகரணும் இல்ல? இது நின்ன எடத்துலயே நிக்குது."

"நீ படத்தப் பாருப்பா. தகட்ட ஏன் பாக்குற?"

அவர் ஏன் தகட்டைப் பார்க்கிறார் என்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. சேதராப்பட்டு தொழிற்பேட்டையில் ஒரு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பட்டறையில் இருபத்திரண்டு வருஷமாக அவருக்கு வேலையே இதுதான். தகட்டைச் சீவுவது. எமரி பெல்ட் ஓடும், அதில் தகட்டைக் கொடுக்க வேண்டும். ஓரமும் மூலையும் கைவேலை. 120ஆம் நம்பர் உப்புத்தாள், அப்புறம் 180, அப்புறம் இன்னும் நைசு. ஒரே திசையில், ஒரே அழுத்தத்தில். நடுவில் கை நின்றால் அந்த இடத்தில் தழும்பு விழும், குறுக்கே ஒரு கீறல் பட்டால் முழுத் தகடும் மறுபடி முதலிலிருந்து. மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு நாள் முழுக்க இதே. லிஃப்ட் கதவு, ஓட்டல் கிச்சன் மேஜை, ஆஸ்பத்திரி அலமாரி என்று அவர் கோடு போட்ட தகடுகள் எங்கெங்கோ நிற்கின்றன. எது எங்கே போனது என்று அவருக்குத் தெரியாது.

இந்தச் சீவிய உலோகம் ஏன் அழகாக இருக்கிறது என்பதைக் கொஞ்சம் பார்க்கலாம். கண்ணாடி மாதிரி பாலீஷ் போட்ட தகட்டில் முகம் தெரியும். சொரசொரப்பான தகட்டில் வெளிச்சம் எல்லாப் பக்கமும் சிதறி மங்கலாக இருக்கும். சீவிய தகடு இரண்டுக்கும் நடுவில். அதில் ஆயிரக்கணக்கான மெல்லிய கோடுகள் ஒரே திசையில் ஓடுகின்றன. கோடு ஓடும் திசையில் வெளிச்சம் அதிகம் சிதறாது, குறுக்குத் திசையில்தான் சிதறி நீளும். அதனால் விளக்கின் பிம்பம் கோட்டுக்குக் குறுக்கே நீண்ட பட்டையாக இழுபடும். நீங்கள் நடந்தால் அந்தப் பட்டையும் கூட நடக்கும். லிஃப்ட் வரக் காத்திருக்கும்போது கதவைப் பாருங்கள், புரியும். அதுகூட வேண்டாம், வீட்டில் ஒரு எவர்சில்வர் தட்டைக் கவிழ்த்து விளக்குக்குக் கீழே பிடியுங்கள். வட்ட வட்டமாகக் கோடு இருக்கும் தட்டென்றால், வெளிச்சம் இரண்டு விசிறி விரித்த மாதிரி நிற்கும். தட்டைச் சுற்றினாலும் விசிறி சுற்றாது. (சாப்பாட்டுக்கு முன்னால் செய்ய வேண்டாம், திட்டு விழும்.)

இந்த நகரும் வெளிச்சம்தான் பிரஷ்டு மெட்டல் ஓவியத்தின் மொத்த சமாச்சாரமும். காகிதத்தில் அச்சிட்ட படம் காலையிலும் மாலையிலும் ஒன்றுதான். தகட்டில் அச்சிட்டது, ஜன்னல் வெளிச்சம் மாற மாற, நீங்கள் நகர நகர மாறும்.

அச்சிடுவதில் இரண்டு வழி உண்டு. ஒன்று, யு.வி. பிரிண்டிங். கடை போர்டுகளுக்குப் போடுகிறார்களே ஏ.சி.பி. ஷீட், நடுவில் பிளாஸ்டிக், இரண்டு பக்கமும் காகிதம் போல மெல்லிய அலுமினியம், அதைச் சமமாகப் படுக்க வைத்து மெஷின் நேரடியாக மை தெளிக்கும். பின்னாலேயே புற ஊதா விளக்கு வந்து அந்த மையை அந்த நொடியே இறுக்கிவிடும். இன்னொன்று சப்ளிமேஷன். கப்பில் போட்டோ போட்டுத் தருகிறார்களே, அதே வேலைதான். பூச்சு பூசிய அலுமினியத் தகட்டின் மேல் மை அச்சிட்ட தாளை வைத்து 200 டிகிரி அளவுக்குச் சூடாக்கி அழுத்தினால், மை ஆவியாகிப் பூச்சுக்குள்ளேயே இறங்கிவிடும்.

இதில் சுவாரசியமான இடம் வெள்ளை. சப்ளிமேஷனில் வெள்ளை மை கிடையாது. காகிதத்தில் அச்சிடும்போது வெள்ளை என்பது அச்சிடாத காகிதம். தகட்டில் அச்சிடாத இடம் என்றால் அது வெள்ளி நிறம்! அதனால் படத்தில் எங்கெல்லாம் வெள்ளையோ அங்கெல்லாம் உலோகம் பளிச்சென்று வெளியே வரும். மஞ்சளுக்குக் கீழே உலோகம் இருந்தால் பித்தளை மாதிரி ஆகிவிடும். யு.வி. மெஷினில் வெள்ளை மை போட வசதி உண்டு. எங்கே போடுவது, எங்கே உலோகத்தை அப்படியே விடுவது என்று உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டும். நல்ல பிரிண்டருக்கும் சும்மா பட்டன் அழுத்துபவருக்கும் வித்தியாசம் அங்கேதான். ஆள் முகம் போட்டால் கண்ணின் வெள்ளை எல்லாம் வெள்ளியாகி, பேய்ப் படம் மாதிரி ஆகும் ஆபத்து இருக்கிறது. அப்ஸ்ட்ராக்டில் அந்தத் தொல்லை இல்லை. ஆரஞ்சு பித்தளை ஆனால் யார் கேட்கப் போகிறார்கள்? கடைக்காரர்களுக்கு அப்ஸ்ட்ராக்ட் மேல் இத்தனை பாசம் வர இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

சரி, கதைக்கு வருவோம். வீட்டுக்காரர் கண்டுபிடித்தது சரிதான். ஓரத்தில் நகத்தால் தடவிப் பார்த்தார், வழவழவென்று இருந்தது. அந்தத் தகட்டில் கோடே இல்லை. கோடு போட்ட உலோகத்தைப் போட்டோ எடுத்து, அந்தப் போட்டோவையும் படத்தோடு சேர்த்துச் சாதாரணத் தகட்டில் அச்சிட்டிருந்தார்கள். வெளிச்சம் எப்படி ஓடும்? வெளிச்சத்தையே அல்லவா அச்சிட்டு வைத்திருக்கிறார்கள்!

மகனுக்கு முகம் சுருங்கிவிட்டது. "போட்டோவுல நல்லாத்தான்பா இருந்துச்சி" என்றான். போட்டோவில் நன்றாகத்தான் இருக்கும். அசையாத படத்தில் நிஜக் கோட்டுக்கும் அச்சுக் கோட்டுக்கும் வித்தியாசம் தெரியவே தெரியாது. ஆன்லைனில் வாங்குபவர்கள் வீடியோ கேட்டு வாங்குவது நல்லது, அதுவும் தகட்டைச் சாய்த்துக் காட்டும் வீடியோ.

திருப்பி அனுப்பலாமா என்ற பேச்சு வந்தபோது மகள் தகட்டைத் திருப்பினாள். பின்னால் ஒரு ஸ்டிக்கர். பார்கோடு, அளவு, ஒரு நம்பர். வரைந்தவர் பெயர் இல்லை. போனில் படத்தைப் பிடித்துத் தேடினாள். அதே படம் பத்துப் பன்னிரண்டு கடைகளில். ஒன்றில் தலைப்பு கடல், ஒன்றில் நெருப்பு, இன்னொன்றில் தியானம்! ஒரு கடையில் படுக்கை வசமாக, இன்னொன்றில் நின்ற வசமாக. பெயர் மட்டும் எங்குமே இல்லை. யாரோ ஒருவர் வரைந்தாரா, கம்ப்யூட்டரே பெற்றதா, அதுவும் தெரியவில்லை.

"வரைஞ்சவரு பேரு இல்லாம எப்பிடிடா விக்கறாங்க?" என்றார் அம்மா. அவர் கேட்டது மிகச் சரியான கேள்வி, காமர்ஸ் வகுப்பில்கூடக் கேட்கலாம்.

இந்தியக் காப்புரிமைச் சட்டம் 1957ஆம் வருஷத்தது. அதில் கலைப்படைப்பு என்றால் என்ன என்று சொல்லும் இடத்தில் ஓவியம், சிற்பம், வரைபடம், போட்டோ என்று அடுக்கிவிட்டு, கலைத்தரம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் என்று சேர்த்திருக்கிறார்கள். என்ன பெருந்தன்மை பாருங்கள். "இதெல்லாம் ஒரு ஓவியமா, என் பையன்கூட இப்படிக் கிறுக்குவான்" என்று யார் சொன்னாலும் சட்டத்துக்குக் கவலை இல்லை. பையன் கிறுக்கியதற்கும் உரிமை உண்டு. வரைந்தவர் உயிரோடு இருக்கும் வரை, அவர் இறந்த பிறகு 60 வருஷம். ஓவியத்தையே விற்றுவிட்டாலும் நகலெடுக்கும் உரிமை தானாகக் கூடப் போகாது. அதைத் தனியாக எழுத்தில் கொடுக்க வேண்டும். வாங்கியவர் சுவரில் மாட்டலாம், தகட்டில் அச்சிட்டு விற்க முடியாது.

கணக்குப் போட்டால் இப்படி வரும். அப்ஸ்ட்ராக்டின் பெரிய தலைகளில் ஒருவரான காண்டின்ஸ்கி 1944இல் இறந்தார். இங்கே அவர் படங்களின் காப்புரிமை 2004 கடைசியோடு முடிந்துவிட்டது, யார் வேண்டுமானாலும் எதில் வேண்டுமானாலும் அச்சிடலாம். சென்னையின் கே.சி.எஸ். பணிக்கர் 1977இல் இறந்தார். அவர் படங்களுக்கு 2037 முடியும் வரை உரிமை இருக்கிறது. ஆனால் பெயரே போடாத படத்துக்கு யார் எந்த வருஷத்தில் கணக்கை ஆரம்பிப்பது? பெயர் இல்லாவிட்டால் கேட்க ஆள் இல்லை. வசதி!

பெயர் போடுவது வெறும் மரியாதை சமாச்சாரமும் இல்லை. அதே சட்டத்தின் 57ஆவது பிரிவு, உரிமையை விற்ற பிறகும் இது என் படைப்பு என்று சொல்லிக்கொள்ளும் உரிமையைப் படைத்தவரிடமே விட்டுவைக்கிறது. சிதைத்து அவர் பெயரைக் கெடுத்தால் கேட்கவும் செய்யலாம். இதற்குப் பெரிய உதாரணம் ஒரு உலோகச் சுவர்ச் சிற்பம்தான். அமர்நாத் சேகல் என்ற சிற்பி தில்லி விஞ்ஞான் பவனுக்காக ஒரு மாபெரும் வெண்கலச் சிற்பம் செய்து கொடுத்தார். 1979இல் அதைக் கழற்றிக் கிடங்கில் போட்டுவிட்டார்கள், சேதமும் ஆனது. அவர் வழக்குப் போட்டார். 2005இல் தில்லி உயர் நீதிமன்றம், மிச்சமிருப்பதை அவரிடமே கொடுத்து 5 லட்சம் ரூபாயும் கொடுங்கள் என்று அரசுக்கு உத்தரவு போட்டது. சுவரும் அரசாங்கத்தினுடையது, காசும் அரசாங்கத்தினுடையது. இருந்தும் செய்த கை யாருடையது என்பது நின்றது.

அப்படியென்றால் ஃபாக்டரியில் அச்சிட்ட படம் எல்லாமே மட்டமா? அப்படிச் சொன்னால் ஒரு ஆள் சண்டைக்கு வருவார். லாஸ்லோ மொஹோலி-நாகி, ஹங்கேரிக்காரர், ஜெர்மனியில் பாவ்ஹவுஸ் கலைப்பள்ளியில் வாத்தியார். 1923இல் அவர் எனாமல் போர்டு செய்யும் ஒரு தொழிற்சாலையில் ஆர்டர் கொடுத்து மூன்று அப்ஸ்ட்ராக்ட் படங்கள் செய்து வாங்கினார். எனாமல் போர்டு என்றால் தெருப்பெயர் எழுதிய நீலத் தகடு, பழைய வீடுகளின் கதவு நம்பர், அதே இனம். இரும்புத் தகட்டில் வெள்ளைப் பின்னணி, கறுப்புப் பட்டை, சின்னச் சின்னதாகச் சிவப்பும் மஞ்சளும். ஒரே படம், மூன்று சைஸ். சட்டைக்குப் போடுகிற மாதிரி ஸ்மால், மீடியம், லார்ஜ்! அடுத்த வருஷம் பெர்லினில் கண்காட்சியில் மாட்டினார். கிராஃப் தாளையும் கலர் அட்டையையும் கையில் வைத்துக்கொண்டு போனிலேயே ஆர்டர் கொடுத்தேன் என்று பின்னாளில் எழுதினார். அவர் மனைவி லூசியாவோ, போனெல்லாம் இல்லை, நேரில் போய்த்தான் சொன்னார், 'போனிலேயே சொல்லியிருக்கலாம் போல' என்று பிறகு மகிழ்ந்தார், அவ்வளவுதான் என்றார். (கணவன்மார் கதையை மனைவிமார் திருத்துவது எல்லா நாட்டிலும் உண்டு போலிருக்கிறது.)

ஆக, தகட்டில், தொழிற்சாலையில், ஓவியர் கை படாமல் அப்ஸ்ட்ராக்ட் படம் செய்வது நூறு வருஷத்துக்கு முந்தைய யோசனை. வித்தியாசம் என்னவென்றால், அங்கே தொழிற்சாலைக்குக் கொடுப்பது என்று முடிவெடுத்தவர் ஓவியர். எனாமலில் என்ன வரும், அளவு மாறினால் படம் என்ன ஆகும் என்று பார்க்கத்தான் செய்தார். எனாமல் எனாமலாகவே இருந்தது, வேறொன்றாக நடிக்கவில்லை. அதில் அவர் பெயரும் இருக்கிறது. போர்டு தொழிற்சாலையில் அந்தத் தகட்டைச் சுட்டெடுத்தவர் பெயர் மட்டும் இல்லை. அதை அப்புறம் பார்ப்போம்.

மகன் தகட்டைத் திருப்பி அனுப்பவில்லை. அனுப்பும் செலவு நம்முடையது என்று கடையில் சொல்லிவிட்டார்கள். ஆனால் மனசு கேட்கவில்லை போலும், அடுத்த மாதம் அப்பா அம்மாவைச் சென்னைக்குக் கூப்பிட்டவன், ஒரு ஞாயிற்றுக்கிழமை ஈசிஆரில் ஈஞ்சம்பாக்கத்துக்கு அழைத்துப் போனான். சோழமண்டல ஓவியர் கிராமம்.

1966இல் பணிக்கரும் அவருடைய மாணவர்களும் நண்பர்களுமாகச் சேர்ந்து ஆரம்பித்த இடம் அது. பணிக்கர் அப்போது சென்னை அரசு ஓவியக் கல்லூரியின் முதல்வர். படித்து முடித்த பையன்கள் பிழைப்புக்காக ஏதாவது வேலைக்குப் போய் வரைவதையே விட்டுவிடுகிறார்கள் என்பது அவர் கவலை. அவர்கள் கண்டுபிடித்த வழி ரொம்பவும் வியாபார வழி. பாத்திக் துணி, உலோகப் பொருள் என்று வீட்டில் வைக்கக் கூடிய கைவினைப் பொருள் செய்து விற்பது, அந்தக் காசில் நிலமும் சாப்பாடும், மீதி நேரத்தில் யாருக்கும் பதில் சொல்லாத ஓவியம். ஹாலை அலங்கரிக்கும் சாமான் செய்வதை அவர்கள் கேவலமாக நினைக்கவில்லை. அதில் வரும் காசு வரைபவன் வீட்டுக்குப் போனது, அவ்வளவுதான் விஷயம். கல்லூரிப் பாடத்தில் கிராஸ் சப்ஸிடி என்று படிப்பதற்கு இதைவிட அழகான உதாரணம் கிடைக்காது.

அங்கே 2009இல் திறந்த மியூசியத்தில் பணிக்கர் ஓவியங்களைப் பார்க்கலாம். 1963 வாக்கில் அவர் ஆரம்பித்த 'சொற்களும் குறியீடுகளும்' வரிசை பெரிய பேர் வாங்கியது. ஜாதகக் கட்டம் மாதிரி கட்டங்கள், கணக்கு மாதிரி குறிகள், எழுத்து மாதிரி எழுத்துகள், ஆனால் படிக்க முடியாது. அம்மா அப்படி ஒன்றின் முன்னால் வெகுநேரம் நின்றார். "ஜோசியர் நோட்டு மாதிரி இருக்குதே. ஆனா நல்லாருக்கு" என்றார். இதைவிடச் சுருக்கமாக ஒரு கலை விமர்சகர் சொல்லிவிட முடியுமா என்பது சந்தேகம்.

வீட்டுக்காரர் உலோகத்தின் பக்கம் போய்விட்டார். சோழமண்டலத்தில் உலோகம் ஒரு பெரிய கிளை. பி.வி. ஜானகிராம் செம்புத் தகட்டைத் தட்டித் தட்டி, கோயில் கவசம் போல முன்பக்கம் மட்டும் பார்க்கிற மாதிரி உருவங்கள் செய்தவர். 1995இல் இறந்தார். பணிக்கரின் மகன் எஸ். நந்தகோபால் செம்பையும் பித்தளையையும் பற்றவைத்து நின்ற உருவங்கள் செய்தவர். 2017 வரை இருந்தார். கவசமும் திருவாசியும் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு இவையெல்லாம் வெளிநாட்டுச் சரக்காகத் தோன்றாது. இவர் போய் முகத்தைப் பார்க்கவில்லை, பற்றவைத்த இடத்தைத்தான் முதலில் பார்த்தார். குனிந்து, பக்கவாட்டில் எட்டி, பின்பக்கம் போய். பிறகு மகனிடம் சொன்னார்: "வேல தெரிஞ்ச கைடா. பாரு, மறைக்கவே இல்ல."

ஊர் திரும்பியதும் ஹாலில் அந்தத் தகட்டை எந்தப் பக்கம் மேலே வைத்து மாட்டுவது என்று இன்னொரு பஞ்சாயத்து. கடையில் படுக்க வைத்துக் காட்டினார்கள், மகளுக்கு நிறுத்தி வைத்தால்தான் பிடித்தது. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மொண்ட்ரியன் 1941இல் கலர் டேப் ஒட்டிச் செய்த நியூயார்க் சிட்டி 1 என்ற படம், 1945லிருந்து தலைகீழாகத்தான் தொங்குகிறது என்று ஜெர்மனியில் அதை வைத்திருக்கும் மியூசியத்தின் காப்பாளர் ஒருவர் சொன்னது 2022இல்தான். முக்கால் நூற்றாண்டு! திருப்பி மாட்டினால் பழைய டேப் பிய்ந்துவிடும் என்று அப்படியே விட்டுவிட்டார்கள். சேதராப்பட்டில் அந்தத் தொல்லை இல்லை, இரண்டு பக்கமும் கொக்கி இருக்கிறது. மகள் சொன்னபடியே நிறுத்தி மாட்டினார்கள்.

ஆனால் நிஜமாகவே சீவிய தகடாக இருந்திருந்தால் இது சின்ன விஷயம் இல்லை. கோட்டின் திசை மாறினால் வெளிச்சம் ஓடும் திசை மாறும், படமே வேறாகிவிடும். வீட்டுக்காரர் இதை மகளுக்கு வாயால் சொல்லிப் பார்த்தார், கையால் ஆட்டிக் காட்டினார், புரியவில்லை. "இரு, செஞ்சே காட்றேன்" என்றார்.

இங்கே அமெரிக்காவில் ஒருவரைச் சொல்லியே ஆக வேண்டும். டேவிட் ஸ்மித். இளவயதில் கார் தொழிற்சாலையில் வேலை, இரண்டாம் உலகப் போர் சமயத்தில் ரயில் என்ஜின் கம்பெனியில் வெல்டர். போருக்கு முன்பிருந்தே சிற்பி. 1961லிருந்து 1965இல் விபத்தில் இறக்கும் வரை கியூபி என்று ஒரு வரிசை செய்தார், மொத்தம் 28. எல்லாம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பெட்டிகள், ஒன்றன் மேல் ஒன்றாக நிற்கும். பெட்டியில் என்ன இருக்கிறது? அதன் தோலில்தான் எல்லாம் இருக்கிறது. கிரைண்டரை வைத்துச் சுழித்துச் சுழித்து, தூரிகை போல இழுத்திருக்கிறார். வெட்டவெளியில் வைத்தால் காலையில் ஒரு நிறம், சாயங்காலம் ஒரு நிறம், மேகம் வந்தால் வேறு. பெயிண்டே கிடையாது. அதில் கடைசியான 28ஆவது, 2005இல் நியூயார்க்கில் 2 கோடியே 38 லட்சம் டாலருக்கு ஏலம் போனது.

சேதராப்பட்டில் இந்த வேலைக்குச் சம்பளம் மாதக் கூலி. ஸ்மித்தின் கையும் இவர் கையும் ஒன்று என்று சொல்ல வரவில்லை. எங்கே இழுப்பது, எங்கே நிறுத்துவது என்று முடிவு செய்தது ஸ்மித். இவருக்கு வரைபடம் வந்துவிடும், ஒரே திசை, ஒரே அழுத்தம், கேள்வி கேட்கக் கூடாது. இருந்தாலும் ஒன்று உறுத்துகிறது. பிரஷ்டு மெட்டல் ஓவியம் விற்கும் கடைகள் உலோகத்தின் அழகைப் பற்றிப் பத்தி பத்தியாக எழுதுகின்றன. அந்த அழகை உண்டாக்குகிற கையைப் பற்றி ஒரு வரி கிடையாது. வரைந்தவருக்காவது சட்டத்தில் 57ஆவது பிரிவு இருக்கிறது. சீவியவருக்கு எந்தப் பிரிவும் இல்லை. அதுகூடப் போகட்டும், இந்த வீட்டுக்கு வந்த தகட்டில் அவருக்கு வேலையே கொடுக்காமல் அவர் வேலையின் போட்டோவை மட்டும் ஒட்டி அனுப்பியிருக்கிறார்கள்!

பட்டறையில் வெட்டியது போக மிஞ்சும் துண்டுகள் எடைக்குப் போகும். வீட்டுக்காரர் சூப்பர்வைசரிடம் கேட்டு, ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி துண்டு ஒன்றைக் கிலோ கணக்கில் காசு கொடுத்தே வாங்கி வந்தார். "சும்மா எடுத்துக்கோ அண்ணே" என்றார்களாம், ஒப்புக்கொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துப் பக்கம் உட்கார்ந்து பென்சிலில் கட்டம் போட்டார். நாலுக்கு நாலு, பதினாறு கட்டம். பிளாஸ்டர் டேப் ஒட்டி மற்றதை மறைத்துக்கொண்டு ஒரு கட்டத்தில் நெட்டாக, அடுத்ததில் குறுக்காக, அதற்கடுத்ததில் சாய்வாக உப்புத்தாளை இழுத்தார். இரண்டு கட்டத்தில் உள்ளங்கையை ஊன்றி வட்டமாகச் சுற்றினார். மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டபோது வரவில்லை. மூன்று மணிக்கு முடிந்தது.

டேப்பை உரித்து வெயிலில் பிடித்தார். ஒரே தகடு, ஒரே நிறம், ஆனால் பதினாறு கட்டமும் பதினாறு விதமாக இருந்தன. கொஞ்சம் சாய்த்தால் இருட்டாக இருந்தவை எரிந்தன, எரிந்தவை அணைந்தன. மகள் வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள். "அய்யோ, செஸ் போர்டு மாதிரி நகருதுப்பா!"

"இப்ப புரியுதா, கோடு ஓடுறதுன்னா இன்னான்னு?"

மகள் ஒரு மார்க்கர் பேனாவை எடுத்து வந்து பின்பக்கம் பேர் எழுதச் சொன்னாள். "பேரு என்னாத்துக்கு, வூட்லதான இருக்கப் போவுது" என்று சொல்லிவிட்டு, சற்றுக் கழித்து இனிஷியலும் தேதியும் மட்டும் எழுதினார்.

ஹாலில் இடமில்லை, அங்கே நீலமும் ஆரஞ்சும் நின்றுகொண்டிருக்கிறது. அதனால் இது பின்கட்டில், கை கழுவும் பேசினுக்கு மேலே, கிழக்கு ஜன்னலுக்கு எதிரே போயிற்று. வீட்டம்மாவுக்கு அதில் முழுத் திருப்தி இல்லை.

"பளபளன்னு இருக்குதேன்னு பாத்தா, இதுல மூஞ்சிகூடத் தெரியலையே" என்றார் கை கழுவிக்கொண்டே.